முட்டை சேர்க்காத இத்தாலிய மீட்பால்: தக்காளிச் சாஸில் உடையாமல் நிற்க என்ன வழி?

சிறுவாணி

எல்லோருக்கும் வணக்கம். என் மகனுக்கு ஆறு வயது, முட்டை ஒவ்வாமை உண்டு. வேகவைத்த முட்டை மட்டுமில்லை, கேக், பிஸ்கட்டில் கலந்திருந்தாலும் கொடுக்க வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அவனுக்கு இத்தாலியர்கள் தக்காளிச் சாஸில் வேகவிடும் கறி உருண்டையைச் செய்து தர ஆசை. தேடிப் பார்த்த செய்முறைகள் எல்லாவற்றிலும் அரைக் கிலோ கறிக்கு ஒன்றோ இரண்டோ முட்டை வருகிறது. முட்டை ஆகாதவர்களுக்கு "ஆளிவிதைப் பொடி சேர்க்கலாம்" என்று ஒரு வரி எழுதி முடித்துவிடுகிறார்கள்.

முட்டை இல்லாமல் உருண்டை நிற்குமா? நிற்கும் என்றால் எது பிடித்து நிறுத்துகிறது? நான் கோவையில் இருக்கிறேன். வீட்டில் ஆட்டுக்கறியும் கோழிக்கறியும் மட்டும்தான். சின்ன ஓவன் ஒன்று இருக்கிறது. மசாலா வாசனை இல்லாமல், அவர்கள் ஊர்ச் சுவைக்கு எவ்வளவு பக்கத்தில் போக முடியுமோ அவ்வளவு போக வேண்டும்.

காரைக்குடிக் கைமணம்

நம் கோலா உருண்டைக்கு முட்டையே தேவையில்லையே! பொட்டுக்கடலையை மாவாகத் திரித்துக் கொத்துக்கறியோடு சேர்த்து அரைத்தால் எண்ணெயில் போட்டாலும் விரியாது. சோம்பு, பட்டை, தேங்காயை விட்டுவிட்டு அதே முறையில் உருட்டுங்கள். அப்புறம் தக்காளிச் சாஸில் போட்டால் ஆயிற்று.

மல்லிகை_பலெர்மோ

சிறுவாணி, தாராளமாக நிற்கும். நான் சிசிலியில் பலெர்மோவில் இருக்கிறேன், சொந்த ஊர் யாழ்ப்பாணம். பல்லரோ சந்தைக்குக் கிட்ட வீடு. ஒரு வயதான அம்மாவுக்குத் துணையாக நெடுங்காலம் வேலை செய்தேன், இந்தச் சமையல் அவரிடம் கற்றதுதான். இங்கே இதை போல்பெத்தே என்பார்கள். முட்டை போடுகிறவர்கள்தான் அதிகம், அது உண்மை. ஆனால் உருண்டையின் மென்மை முட்டையால் வருவதில்லை. ஊறவைத்த பாண்தான் அதன் உயிர். நீங்கள் பிரெட் என்று சொல்வது.

மிஞ்சிய பாணை வீணாக்காமல் சமைக்கிறது இங்கே பழைய பழக்கம். முதல் நாள் அவித்த இறைச்சி மிஞ்சினாலும் அதையும் அரைத்து, ஊறிய பாணோடு பிசைந்து உருட்டுவார்கள். மிலானில் அப்படிச் செய்கிற உருண்டைகளுக்குத் தனிப் பெயரே இருக்கிறது. அதனால் பாண் போடுவது இறைச்சியைக் கூட்டிக் காட்டுகிற தந்திரம் என்று நினைக்க வேண்டாம். அது இல்லாமல் செய்தால் உருண்டை இறுகிக் கல்லாகும்.

நான் செய்கிற அளவு இது. அரைத்த இறைச்சி 500 கிராம். ஓரம் நீக்கிய பழைய பாண் 100 கிராம். பால் 120 மி.லி. துருவிய பார்மிஜானோ சீஸ் 40 முதல் 50 கிராம். உப்பு 6 கிராம், அதாவது தட்டையாக ஒரு தேக்கரண்டி. மிளகுத்தூள், ஒரு சின்னப் பூண்டுப் பல்லைத் துருவியது, பொடியாக அரிந்த பார்ஸ்லி ஒரு பிடி, சாதிக்காய் ஒரு துளி. பாணைப் பிய்த்துப் பாலில் போட்டுக் கால் மணி நேரம் விடுங்கள். பிறகு விரலால் மசித்துக் கூழாக்குங்கள். நடுவில் காய்ந்த கட்டி ஒன்றும் இருக்கக் கூடாது. கட்டி இருந்தால் அந்த இடத்தில்தான் உருண்டை வெடிக்கும். பால் தேங்கி நின்றால் மட்டும் லேசாகப் பிழிந்து விடுங்கள்.

எல்லாவற்றையும் சேர்த்துக் கையால் கலந்து, மூடி, குளிர்பெட்டியில் ஒரு மணி நேரம் வையுங்கள். இந்த ஒரு மணி நேரத்தைத் தவிர்க்க வேண்டாம். முட்டை போடுகிறவர்கள் தவிர்க்கலாம், நாங்கள் தவிர்க்கக் கூடாது. பிறகு கையை நனைத்துக்கொண்டு 40 கிராம் அளவில் உருட்டினால் 18, 19 உருண்டை வரும். மைதா மாவில் லேசாகப் புரட்டி, மிச்ச மாவைத் தட்டிவிட்டு, ஒலிவ எண்ணெயில் எல்லாப் பக்கமும் நிறம் வர விட்டு, சாஸில் இறக்குங்கள்.

பலெர்மோக்காரர் இதிலேயே காய்ந்த திராட்சையும் பைன் கொட்டையும் கொஞ்சம் சேர்ப்பார்கள். பிள்ளைக்குப் பிடிக்கும் என்றால் சேருங்கள், கொட்டை ஒவ்வாமை இருந்தால் வேண்டாம்.

சிறுவாணி

அக்கா, மிக்க நன்றி. இவ்வளவு விரிவாக யாரும் சொன்னதில்லை. இரண்டு சந்தேகம். இங்கே கடையில் கிடைக்கிற பாக்கெட் பிரெட் மெத்தென்று, கொஞ்சம் இனிப்பாக இருக்கும். அதற்கும் இதே பால் அளவா? ரொட்டித்தூள் போட்டால் வேலை சுலபமாகாதா?

மல்லிகை_பலெர்மோ

இங்கத்தைப் பாண் ரவைக் கோதுமையில் செய்தது. எள்ளுத் தூவி, கனமாக இருக்கும், பாலை நன்றாகக் குடிக்கும். உங்கள் பாக்கெட் பிரெட்டில் ஏற்கெனவே ஈரம் இருக்கிறது. ஓரம் நீக்கி ஒரு இரவு தட்டில் பரப்பிக் காயவிடுங்கள், இல்லை என்றால் ஓவனில் மெல்லிய சூட்டில் நிறம் மாறாமல் உலர்த்துங்கள். அப்படியும் பால் 80 மி.லி.யில் தொடங்கி, போதாவிட்டால் ஊற்றுங்கள். இனிப்புக் குறைந்ததாகப் பார்த்து வாங்குங்கள், மில்க் பிரெட் வேண்டாம்.

ரொட்டித்தூளைக் காய்ந்தபடியே போட்டால் அது இறைச்சிச் சாற்றை உறிஞ்சி உருண்டையை வறட்டும். தூள்தான் இருக்கிறது என்றால் அதையும் பாலில் ஊறவைத்த பிறகே சேருங்கள், 60 கிராம் போதும்.

பாலா_உணவுநுட்பம்

நான் உணவுத் தொழில்நுட்பம் படித்தவன். சிறுவாணி கேட்ட "எது பிடித்து நிறுத்துகிறது" என்பதற்கு என்னால் முடிந்த விளக்கம்.

முட்டையின் வெள்ளைக்கரு 62 டிகிரி செல்சியஸ் அருகில் கெட்டிப்பட ஆரம்பிக்கும். உருண்டைக்குள் அது செய்வது இந்த வேலைதான். சூடேறும்போது உறைந்து, பக்கத்தில் இருப்பதை ஒட்டவைக்கும். ஆனால் சூட்டில் உறைகிற புரதம் கறியிலேயே நிறைய இருக்கிறது. மயோசின் என்று பெயர். அது தசைநாருக்குள் அடைபட்டுக் கிடக்கும். உப்பு போட்டுப் பிசைந்தால் கரைந்து வெளியே வந்து பசைபோல ஒட்டும். உப்பில்லாமல் எவ்வளவு பிசைந்தாலும் அந்தப் பிசுபிசுப்பு வராது. உப்பைக் கடைசியில் தூவுகிறவர்களின் உருண்டை பிரிவதற்கு இதுதான் முதல் காரணம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. முழுக் கறியையும் அடித்துப் பிசைந்தால் ஒட்டும், ஆனால் ரப்பராகிவிடும். அதனால் நான் செய்வது இப்படி. கறியில் கால் பங்கை மட்டும் தனியே எடுத்து, மொத்த உப்பையும் அதில் போட்டு, கையில் இழுபடும் பசையாகும்வரை இரண்டு மூன்று நிமிடம் பிசைவேன். அதில் ஊறிய பிரெட்டைச் சேர்த்துக் கலப்பேன். மீதி முக்கால் பங்குக் கறியைக் கடைசியில் போட்டு விரல்களால் பிரித்துப் பிரித்துக் கலப்பேன், அமுக்கிப் பிசைய மாட்டேன். பிடிமானமும் கிடைக்கும், மென்மையும் கெடாது.

பிரெட்டின் பங்கு வேறு. அதிலுள்ள மாவுச்சத்து ஏற்கெனவே வெந்தது. பாலைப் பிடித்து வைத்துக்கொண்டு, கறிப் புரதங்களுக்கு நடுவில் உட்கார்ந்து, அவை ஒன்றோடொன்று இறுகிச் சாற்றைப் பிழிந்து தள்ளுவதைத் தடுக்கிறது. உப்பு ஒட்டவைக்கிறது, பிரெட் மென்மை தருகிறது, குளிர் கொழுப்பை இறுக்கி உருவத்தைக் காக்கிறது. மூன்றும் இருந்தால் முட்டைக்கு அங்கே வேலையே இல்லை.

ஆளிவிதையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தண்ணீரில் அது வழவழப்பான கூழாகும். ஆனால் முட்டைபோல் சூட்டில் உறையாது. கேக்கில் அது உதவும் விதம் வேறு. கறி உருண்டையில் வாயில் கொஞ்சம் கொழகொழப்பும் எண்ணெய் விதை வாசனையும் மிஞ்சும். இந்தச் சமையலுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

காரைக்குடிக் கைமணம்

விளக்கம் அருமை தம்பி. ஆனால் பொட்டுக்கடலையை ஒரேயடியாக ஒதுக்கிவிட்டீர்களே. அதுவும் பிடித்துத்தானே வைக்கிறது?

பாலா_உணவுநுட்பம்

ஒதுக்கவில்லை அம்மா. கோலா உருண்டை எண்ணெயில் பொரிந்து மேலே மொறுமொறுப்பாக வர வேண்டியது. அதற்கு வறண்ட மாவு வேண்டும், பொட்டுக்கடலை கச்சிதம். இது அரை மணி நேரம் சாஸில் கிடந்து ஊறி, கரண்டியால் தொட்டாலே விண்டு வர வேண்டியது. பொட்டுக்கடலை அதில் சாஸை இழுத்துக்கொண்டு மாவாக இறுகும், கடலை வாசனையும் தூக்கலாக இருக்கும். சிறுவாணி அவர்கள் ஊர்ச் சுவையைத்தான் கேட்டிருக்கிறார். அந்த ஒரு காரணத்தால்தான் பிரெட் என்கிறேன்.

சிறுவாணி

கறியைப் பற்றிக் கேட்க வேண்டும். கடையில் கொத்துக்கறி வாங்கி வந்ததும் அரிப்பில் போட்டு அலசுவது எங்கள் வீட்டு வழக்கம். அலசாமல் சமைக்க மாமியார் ஒப்பமாட்டார். அதில் தண்ணீர் நிற்குமே, பரவாயில்லையா?

சேலத்து அடுப்பு

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. நான் சின்ன உணவகம் நடத்துகிறேன், கோலா, கட்லெட் எல்லாம் தினமும் போகும். கொத்திய கறியை அலசினால் ஒவ்வொரு துணுக்கிலும் தண்ணீர் ஏறிவிடும், எவ்வளவு பிழிந்தாலும் முழுதாகப் போகாது. தம்பி சொன்ன அந்தப் பசைப் புரதமும் தண்ணீரோடு கழன்று போகும். முட்டை இல்லாத உருண்டைக்கு இது பெரிய கேடு.

எலும்பில்லாக் கறியை முழுத் துண்டாக வாங்குங்கள். வீட்டில் அலசி, துணியால் ஒற்றி, சின்னச் சின்னதாக நறுக்கி, தட்டில் பரப்பி, ஃப்ரீசரில் அரை மணி நேரம் வையுங்கள். ஓரம் விறைத்ததும் மிக்சியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, விட்டு விட்டுச் சுற்றுங்கள். விறைக்காமல் சுற்றினால் கொழுப்பு உருகி மிக்சியில் அப்பிக்கொள்ளும், கறி நசுங்கிக் கூழாகும். இப்படிச் செய்தால் மாமியாருக்கும் மனக்குறை இருக்காது.

இன்னொன்று, வெறும் தொடைக்கறி வேண்டாம். கடைக்காரரிடம் நெஞ்சுப் பக்கத்துக் கொழுப்போடு கேளுங்கள். ஐந்தில் ஒரு பங்கு கொழுப்பு இருந்தால்தான் உருண்டை வறளாது. கோழி என்றால் நெஞ்சுக்கறியைத் தொடாதீர்கள், கால் பகுதிக் கறிதான்.

மல்லிகை_பலெர்மோ

அண்ணா சொல்வது சரி. இங்கே மாடும் பன்றியும் பாதிக்குப் பாதி கலப்பதும் அந்தக் கொழுப்புக்காகத்தான். ஆடு மட்டும் போட்டால் சுவை கொஞ்சம் அழுத்தமாக இருக்கும், எலுமிச்சைத் தோலை மஞ்சள் பகுதி மட்டும் துருவி ஒரு சிட்டிகை சேருங்கள். ரிகோட்டா என்ற மென்மையான சீஸ் கிடைத்தால் 100 கிராம் சேர்த்துப் பாலைப் பாதியாகக் குறைக்கலாம். கோழி உருண்டைக்கு அது மிகவும் நல்லது. வீட்டில் பால் திரித்து வடிகட்டின பனீரை மென்மையாக இருக்கும்போதே மசித்துப் போட்டாலும் அதே வேலையைச் செய்யும்.

கனடாத் தம்பி

நான் டொராண்டோவில் இருக்கிறேன். இங்கே கோழி மின்ஸ் வாங்கிச் செய்தால் சாஸில் போட்டதும் பாதி உருண்டை கரைந்து விடுகிறது. பிரெட் ஊறவைத்துத்தான் போடுகிறேன், குளிர்பெட்டியிலும் வைக்கிறேன். பொடியாக நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய், இஞ்சி சேர்க்கிறேன். சாஸ் கொதிக்கும்போது போட்டு அப்பப்போ கிளறுகிறேன். எங்கே பிசகு?

சேலத்து அடுப்பு

மூன்று இடம் தெரிகிறது தம்பி.

முதலில் அந்தப் பச்சை வெங்காயம். வேகும்போது தண்ணீர் விட்டுச் சுருங்கும், அதைச் சுற்றி இடைவெளி விழும். முட்டை இருந்தால் தாங்கும், இல்லாவிட்டால் அங்கிருந்துதான் விரிசல். வெங்காயம் வேண்டும் என்றால் எண்ணெயில் நன்றாக வதக்கி ஆறவைத்துச் சேருங்கள். துருவிப் பிழிந்தாலும் சரி. இத்தாலிய உருண்டைக்குப் பூண்டும் இலையும் போதும், வெங்காயம் சாஸில் இருக்கட்டும்.

இரண்டாவது, தளதளவென்று கொதிக்கிற சாஸ். அதில் உருண்டைகள் ஒன்றோடொன்று மோதும். ஓரத்தில் மட்டும் ஒன்றிரண்டு குமிழ் எழுகிற அளவுக்குத் தீயைக் குறைத்து, ஒவ்வொன்றாக இறக்குங்கள், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் அகலமான பாத்திரத்தில்.

மூன்றாவது கரண்டி. முதல் பத்து நிமிடம் கரண்டியே வேண்டாம். பாத்திரத்தின் இரண்டு காதையும் பிடித்து மெல்லச் சுழற்றுங்கள். புரட்ட வேண்டிய நேரத்தில் உருண்டை கெட்டிப்பட்டிருக்கும்.

பாலா_உணவுநுட்பம்

கோழி மின்ஸில் ஈரம் அதிகம், கொழுப்பு குறைவு. அதற்குப் பால் 60 மி.லி.க்கு மேல் வேண்டாம். உருட்டும்போது கையில் ஒட்டி வழிந்தால் இன்னும் அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வையுங்கள். அப்போதும் தளர்வாக இருந்தால் மாவு சேர்க்காதீர்கள், இன்னொரு துண்டு பிரெட்டை உதிர்த்துச் சேருங்கள்.

எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். மொத்தத்தையும் உருட்டுவதற்கு முன் ஒரு சின்ன உருண்டையை மட்டும் தோசைக்கல்லில் வேகவைத்து உடைத்துப் பாருங்கள். உப்பும் தெரியும், பிடிமானமும் தெரியும். பச்சைக் கறிக் கலவையை நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டாம்.

தாய்மை_வேலூர்

பேச்சு கறியிலேயே போகிறது. ஒவ்வாமைப் பக்கத்தைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும், என் மகளுக்கும் முட்டை ஆகாது.

முட்டையைக் கிண்ணத்தில் உடைத்து ஊற்றாவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். இந்தச் சமையலில் அது ஒளிந்து வருகிற இடம் சீஸ். கிரானா படானோ என்ற கடினச் சீஸ் பார்ப்பதற்கு பார்மிஜானோ போலவே இருக்கும், விலையும் குறைவு. ஆனால் அதில் பெரும்பாலும் லைசோசைம் என்ற பொருள் சேர்க்கிறார்கள். அது முட்டையின் வெள்ளைக்கருவிலிருந்து எடுப்பது. சீஸ் முதிரும்போது சில நுண்ணுயிரிகள் வாயு உண்டாக்கி அதை வெடிக்க வைக்காமல் காப்பதற்காகப் போடுகிறார்கள். பொருள் பட்டியலில் இ 1105 என்றும் இருக்கலாம். பார்மிஜானோ ரெஜ்ஜானோவின் விதிப்படி பால், உப்பு, பாலைத் திரிய வைக்கும் ரென்னெட் தவிர வேறெதுவும் சேர்க்க முடியாது. அதனால் முட்டை ஒவ்வாமை உள்ள வீட்டில் இரண்டும் ஒன்றில்லை. வெறுமனே "பார்மசான்" என்று போட்டு விற்கும் தூளை வாங்கினால் பட்டியலை முழுதாகப் படியுங்கள்.

அடுத்தது பிரெட். பிரியோஷ், பன் வகைகளில் மாவில் முட்டை இருக்கும், மேலே பளபளப்புக்கும் பூசுவார்கள். இந்தியாவில் முட்டை சேர்ந்த பொருளில் பச்சை முத்திரை போட முடியாது, அது நமக்கு ஒரு வசதி. ஆனால் பச்சை முத்திரை இருந்தாலும், அதே இயந்திரத்தில் முட்டைப் பண்டமும் ஓடியிருக்குமா என்பது அதில் தெரியாது. ஒவ்வாமை எச்சரிக்கை வரியைத் தனியாகப் பார்க்க வேண்டும். அடுமனையில் வாங்கினால் கேட்டே வாங்குங்கள்.

மூன்றாவது பாஸ்தா. காய்ந்த ஸ்பாகெட்டி பொதுவாக ரவைக் கோதுமையும் தண்ணீரும் மட்டும்தான். தாலியாதெல்லே போன்ற புது பாஸ்தாவில் முட்டை இருக்கும். முன்னால் முட்டை பொரித்த எண்ணெய், அதே கரண்டி, இவற்றையும் தவிர்த்துவிடுங்கள்.

சில குழந்தைகளுக்கு நன்றாகச் சூடேறிய முட்டை மட்டும் ஒத்துக்கொள்ளும் என்பது உண்மைதான். அதை மருத்துவமனையில் வைத்துத்தான் சோதிப்பார்கள். "சாஸில் அரை மணி நேரம் வேகிறதே, கொஞ்சம் போட்டால் என்ன" என்று வீட்டில் யாராவது சொன்னால் தயவுசெய்து இடம் கொடுக்காதீர்கள்.

சிறுவாணி

தாய்மை, இதை எழுதியதற்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். சீஸில் முட்டை இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. பார்மிஜானோ இங்கே விலை அதிகம். சீஸே இல்லாமல் செய்யலாமா?

மல்லிகை_பலெர்மோ

செய்யலாம். நானும் இன்றைக்குத்தான் அந்த லைசோசைம் விசயத்தைத் தெரிந்துகொண்டேன், கடைக்குப் போனால் பட்டியலைப் பார்க்கிறேன்.

சீஸ் இல்லை என்றால் உப்பை 8 கிராம் ஆக்குங்கள். ருசியில் ஒரு ஆழம் குறையும். அதை ஈடுகட்ட உருண்டையை நன்றாக நிறம் வர வறுங்கள், சாஸில் ஒரு கரண்டி தக்காளிப் பேஸ்ட்டை எண்ணெயில் வதக்கிச் சேருங்கள். பால் ஒவ்வாமையும் இருக்கிற பிள்ளைகளுக்குப் பாணைத் தண்ணீரிலோ இறைச்சி அவித்த சாற்றிலோ ஊறவைக்கலாம். இங்கே பல வீடுகளில் வெறும் தண்ணீர்தான்.

கனடாத் தம்பி

சாஸைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லையே.

மல்லிகை_பலெர்மோ

சொல்கிறேன் தம்பி. அகலமான பாத்திரத்தில் மூன்று மேசைக்கரண்டி ஒலிவ எண்ணெய். அரை வெங்காயம் பொடியாக அரிந்து, சிறு தீயில், நிறம் மாறாமல் கண்ணாடிபோல் ஆகும்வரை வதக்குங்கள். வெங்காயம் வேண்டாதவர்கள் இரண்டு பூண்டுப் பல்லைத் தட்டிப் போட்டு, பொன்னிறமானதும் எடுத்துவிடுவார்கள். பிறகு பாசாத்தா, அதாவது விதையும் தோலும் நீக்கி அரித்த தக்காளி. இங்கே 700 கிராம் போத்தலில் வரும். அதை ஊற்றி, போத்தலில் அரைக் கோப்பைத் தண்ணீர் விட்டு அலசி அதையும் சேர்த்து, உப்புப் போட்டுக் கால் மணி நேரம் மெல்லக் கொதிக்கட்டும். அதற்குப் பிறகுதான் உருண்டை. ஆடு, மாடு என்றால் 30 முதல் 35 நிமிடம், கோழி என்றால் 15 முதல் 20. மூடியைச் சற்றுத் திறந்து வையுங்கள். துளசி போன்ற அந்த பேசில் இலையை அடுப்பை அணைத்த பிறகு கையால் கிள்ளிப் போடுங்கள்.

உருண்டையில் ஒட்டியிருந்த மைதா சாஸைத் தானாகவே கெட்டியாக்கும், தனியாக எதுவும் கரைத்து ஊற்ற வேண்டாம். மிளகாய்த்தூள், மல்லித்தூள், கறிவேப்பிலை எதுவும் இதில் இல்லை. எங்கள் ஆட்களுக்கு முதலில் கை துருதுருக்கும். ஒரு தடவை இப்படியே சாப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு உங்கள் விருப்பம்.

சேலத்து அடுப்பு

நம் ஊர்த் தக்காளிக்கு ஒரு குறிப்பு. நாட்டுத் தக்காளி புளிப்பு, சாறு அதிகம். பெங்களூர்த் தக்காளியில் சதை அதிகம், புளிப்புக் குறைவு. மூன்று பங்கு பெங்களூர், ஒரு பங்கு நாடு எனக் கலந்தால் சரியாக வரும். ஒன்றேகால் கிலோ எடுத்து, அடியில் கீறி, கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டுத் தோலுரித்து, விதையை எடுத்துவிட்டு மசியுங்கள். மிக்சியில் வேகமாக அடித்தால் காற்றுப் புகுந்து சிவப்பு வெளுத்து ஆரஞ்சாகிவிடும். அதனால் கையாலோ மத்தாலோ மசிப்பது நல்லது. தண்ணீர் வற்றச் சுருங்கக் காய்ச்சிய பிறகும் புளித்தால் ஒரு சிட்டிகை சர்க்கரை. முதலிலேயே சர்க்கரை போட வேண்டாம், காய்ச்சும்போதே புளிப்பு அடங்கிவிடும்.

பாலா_உணவுநுட்பம்

ஒரு இடத்தில் மட்டும் அக்காவோடு மாறுபடுகிறேன். வாணலியில் வறுக்கும்போது திருப்பித் திருப்பி முட்டை இல்லாத உருண்டை உருக்குலையும். ஓவன் இருக்கிறவர்கள் 220 டிகிரியில் எண்ணெய் தடவிய தட்டில் 12 முதல் 15 நிமிடம் வைத்தால், தொடாமலேயே நிறம் வரும், உருவமும் நிற்கும். அப்புறம் சாஸில் இறக்கலாம். சிறுவாணிக்கு முதல் தடவைக்கு அதுதான் பாதுகாப்பு.

மல்லிகை_பலெர்மோ

பாதுகாப்பு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் வேலை செய்த வீட்டு அம்மா வறுக்கவே மாட்டார். பச்சை உருண்டையை நேரே சாஸில் இறக்குவார். இறைச்சிச் சாறு முழுவதும் சாஸுக்குள் போகும், உருண்டை பஞ்சாக இருக்கும். தீ மட்டும் மிகச் சிறிதாக இருக்க வேண்டும், கால் மணி நேரம் தொடக் கூடாது. வறுத்தால் வருகிற மணம் வேறு, இதில் வருகிற மென்மை வேறு. பல் விழுகிற வயதுப் பிள்ளைக்கும் முதியவர்களுக்கும் இந்த முறைதான் நல்லது என்பது என் அபிப்பிராயம்.

பாலா_உணவுநுட்பம்

ஏற்றுக்கொள்கிறேன் அக்கா. எந்த முறையானாலும் நடுவில் 71 டிகிரி வர வேண்டும், கோழி என்றால் 74. வெப்பமானி இல்லாதவர்கள் பெரிய உருண்டை ஒன்றை வெட்டி, நடுவரை ஒரே சூடாக இருக்கிறதா, சாறு தெளிவாக வருகிறதா என்று பார்க்கலாம்.

அரிசிமாவு

கோதுமை ஆகாதவர்களுக்கு? என் கணவருக்கு குளூட்டன் கூடாது.

மல்லிகை_பலெர்மோ

உருளைக்கிழங்கு. தோலோடு அவித்து, உரித்து, சூட்டோடு மசித்து, ஆவி அடங்க ஆறவிடுங்கள். 500 கிராம் இறைச்சிக்கு 150 கிராம். பால் சேர்க்க வேண்டாம். இங்கே சாதாரணமாகவே உருளைக்கிழங்கு சேர்த்த போல்பெத்தே செய்வார்கள், அதனால் சமாளிப்பு என்று நினைக்காதீர்கள். புரட்ட மைதாவுக்குப் பதில் அரிசி மாவு.

சைவ_அடுக்களை

கறி சாப்பிடாதவர்களுக்கும் ஒன்று சொல்லுங்களேன்.

மல்லிகை_பலெர்மோ

கத்தரிக்காய் உருண்டை. தெற்கு இத்தாலியில், முக்கியமாகக் கலாப்ரியாவில், இது பெரிய விருப்பம். கத்தரிக்காயைச் சுட்டு, சதையை எடுத்து, வடிகட்டியில் போட்டு நன்றாகப் பிழிந்து, பாண், சீஸ், பேசில் சேர்த்து உருட்டுவது. இறைச்சிப் புரதம் இல்லாததால் முட்டை இல்லாமல் பிடிப்பது சிரமம், கொஞ்சம் அவித்த உருளைக்கிழங்கு சேர்த்து ஓவனில் வைத்து எடுங்கள். இதைச் சாஸில் வேகவைக்க வேண்டாம், தட்டில் வைத்து மேலே சாஸை ஊற்றுங்கள். ஒன்று கவனியுங்கள், பார்மிஜானோவில் கன்றுக்குட்டியின் ரென்னெட் சேரும். சைவர்கள் அதைத் தவிர்த்து, நுண்ணுயிர் ரென்னெட்டில் செய்த வேறு கடினச் சீஸ் பார்த்து வாங்க வேண்டும்.

சிறுவாணி

ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறியில் செய்தேன். துண்டுக் கறியாக வாங்கி அலசி, ஃப்ரீசரில் விறைக்க வைத்து மிக்சியில் சுற்றினேன். பாலா சொன்னபடி கால் பங்கில் உப்பு. ஓவனில் நிறம் வரவிட்டுச் சாஸில் போட்டேன். ஒன்றுகூட உடையவில்லை. மகன் பிரெட்டால் தட்டை வழித்துச் சாப்பிட்டான். ஸ்பாகெட்டியோடு சேர்த்துத்தான் பரிமாறினேன், அதுதானே சரியான முறை?

மல்லிகை_பலெர்மோ

கேட்கவே சந்தோசம்! தட்டைப் பாணால் வழிப்பதுதான் இங்கத்தை மரியாதை.

ஸ்பாகெட்டியின் மேல் பெரிய உருண்டைகளை வைப்பது அமெரிக்காவுக்குப் போன இத்தாலியர் வளர்த்த பழக்கம். இங்கே அதே சாஸில் கொஞ்சம் எடுத்து பாஸ்தாவில் கலந்து முதலில் சாப்பிடுவார்கள். அடுத்த தட்டாக உருண்டையும் பாணும் வரும். அப்ருட்ஸோ பக்கம் தேராமோவில் மட்டும் சுண்டைக்காய் அளவு உருண்டைகளை பாஸ்தாவோடு கலப்பார்கள். அந்த ஊர் பாஸ்தாவில் முட்டை சேரும், அதனால் உங்கள் மகனுக்கு அது வேண்டாம், ஸ்பாகெட்டியே சரி. எப்படிப் பரிமாறினாலும் பிள்ளை விரும்பிச் சாப்பிட்டால் அதுதான் முறை.

அரிசிமாவு

மொத்தமாகச் செய்து வைத்துக்கொள்ளலாமா? எத்தனை நாள் தாங்கும்?

சேலத்து அடுப்பு

வெந்த உருண்டையைச் சாஸோடு ஆறவைத்து, மூடி, ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நாள். அடுத்த நாள் சுவை இன்னும் கூடும். ஃப்ரீசரில் என்றால் இரண்டு மாதம்வரை நன்றாக இருக்கும், ஆனால் உருண்டைகள் சாஸில் முழுகியிருக்க வேண்டும், வெளியே தெரிந்தால் அந்த இடம் காய்ந்து வெளுக்கும். முதல் நாளே ஃப்ரிட்ஜுக்கு மாற்றி இளகவிட்டு, சிறு தீயில் மூடிச் சூடாக்குங்கள். உறைந்தபடியே பெருந்தீயில் வைத்தால் வெளியே பிரிந்து, உள்ளே குளிர்ந்தே கிடக்கும். பச்சை உருண்டையாக உறையவைப்பதானால் தட்டில் தனித்தனியாக விறைக்க வைத்த பிறகு டப்பாவில் போடுங்கள். இளகவிடாமல் அப்படியே ஓவனில் வைத்து, நேரத்தை மட்டும் ஐந்தாறு நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள்.